மனுவில் கையெழுத்துப் போடும் முன்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கூலி உயர்வும் அல்ல, ரேஷன் கார்டும் அல்ல. கணவனும் மனைவியும் சண்டை சச்சரவில்லாமல், மனமொத்துப் பிரிவதைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது வீட்டு விவகாரம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஒருவர் இந்தியக் குடிமகன், மற்றவர் வேறு நாட்டுப் பிரஜை என்றால், அது வீட்டுக்குள் நிற்பதில்லை. இருவரும் சிரித்த முகத்தோடு கோர்ட்டு வாசலை விட்டு வெளியே வந்தாலும், ஒருவர் தம் வீட்டுக்குப் போகிறார். மற்றவர் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்கலாமா என்ற கேள்வியோடு போகிறார்.

நம் குடியிருப்புகளில் அப்படிப்பட்ட தம்பதிகள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். பிழைப்புக்காக வளைகுடாவுக்குப் போன நம் பையன் அங்கே பழகி மணந்துகொண்ட இலங்கைப் பெண் இருக்கிறார். 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்து முகாமில் வளர்ந்து, நம் ஊர்ப் பையனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவனோடு இந்த நகரத்துக்கு வந்த பெண் இருக்கிறார். மலேசியாவில் பிறந்து இங்கே மாப்பிள்ளையாக வந்தவர் உண்டு. பக்கத்து வரிசையில் குடியிருந்த நேபாளக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்களும் உண்டு. ரயிலேறி வந்த நமக்கு இந்த நகரம் எப்படி அன்னியமோ, அதைவிட ஒரு படி கூடுதலாக அவர்களுக்கு அன்னியம். நாம் இங்கே மொழியால் அன்னியர். அவர்கள் சட்டத்தாலும் அன்னியர்.

சட்டத்தில் இருந்த ஒரு சொல்

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 5-வது பிரிவு என்று ஒன்று உண்டு. பதிவு செய்து குடியுரிமை பெறும் வழி அது. அதில் முதலில் எழுதியிருந்த வாசகம் என்ன தெரியுமா? இந்தியக் குடிமக்களை மணந்திருக்கிற, "அல்லது மணந்திருந்த" பெண்கள் விண்ணப்பம் செய்யலாம் என்பது. அதாவது கணவன் இறந்துபோனாலும், மணம் முறிந்துபோனாலும், ஒரு காலத்தில் இந்தியனின் மனைவியாக இருந்தவள் என்ற ஒன்றே அவள் விண்ணப்பிக்கப் போதுமானதாக இருந்தது. அன்னிய நாட்டு ஆணுக்கு அந்த வாய்ப்பு அப்போது இல்லை.

பிறகு சட்டத்தைப் பல முறை திருத்தினார்கள். பெண்களுக்கு மட்டும் என்றிருந்ததை ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்கினார்கள். அது நியாயமான திருத்தம். ஆனால் இன்று சட்டப் புத்தகத்தில் நிற்கும் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். இந்தியக் குடிமகனை "மணந்திருக்கிற" ஒருவர், விண்ணப்பத்துக்கு முன் ஏழாண்டு இந்தியாவில் குடியிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. "மணந்திருந்த" என்ற சொல் இல்லை. அந்த ஒரு சொல் போனதால், விவாகரத்து டிக்ரி வந்த நாளிலேயே இந்த வழி அடைபட்டுப் போகிறது. ஆறரை ஆண்டு இங்கே சமைத்துப் போட்டவர், பிள்ளை பெற்றவர், வேலை செய்து சம்பாதித்தவர், யாராக இருந்தாலும் சரி. அந்த ஆறரை ஆண்டுக்கு இந்தப் பிரிவில் மதிப்பில்லை.

சுமுகம் எப்படிப் பாதகமாகிறது

சண்டை போட்டுப் பிரிகிறவர்களின் வழக்கு பல வருஷம் இழுக்கும். மனமொத்துப் பிரிகிறவர்களுக்குச் சீக்கிரம் முடியும். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதிகள் சேர்ந்து மனுப் போடலாம். மனுப் போட்ட நாளிலிருந்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து "சம்மதம்" என்று சொன்னால் டிக்ரி. அந்த 6 மாதத்தையும் தகுந்த வழக்குகளில் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-இல் சொல்லிவிட்டது. பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இதே போன்ற வழி உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 2001-இல் சேர்த்த 10ஏ பிரிவு உண்டு. முஸ்லிம்களுக்கு முபாரத் உண்டு.

"சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று வக்கீல் சொன்னால் நமக்குச் சந்தோஷம். அன்னிய நாட்டுத் துணைக்கு அந்தச் சீக்கிரமே ஆபத்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் 2018 பிப்ரவரியில் விசாவோடு இலங்கையிலிருந்து வந்து, அதுமுதல் இங்கேயே கணவனோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஏழாண்டு நிறைவது 2025 பிப்ரவரியில். அவர்கள் 2024 ஏப்ரலில் சேர்ந்து மனுப் போடுகிறார்கள். அக்டோபரில் 6 மாதம் முடிகிறது. நவம்பரில் டிக்ரி வந்துவிடுகிறது. மூன்றே மாதம்! அந்த மூன்று மாதத்தில் ஏழாண்டும் வீணாகிறது. இதில் கணவன் செய்த கெடுதல் என்று ஒன்றுமில்லை, மனைவி செய்த தப்பும் இல்லை. இரண்டு பேரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். தேதியைப் பார்க்கச் சொல்வதற்குத்தான் ஒருவரும் இல்லை.

ரயில்வே ஆபீசில் ஃபைல் பார்த்துப் பழகிய நாங்கள் சொல்கிறோம்: எந்தக் காகிதம் முதலில் போகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதலில் குடியுரிமைச் சான்றிதழ், அதற்குப் பிறகு விவாகரத்து மனு. இந்த வரிசை மாறக்கூடாது. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால், பின்னால் வரும் விவாகரத்து அதைப் பறிக்காது. பதிவால் வந்த குடியுரிமையை அரசு எப்போது பறிக்கலாம் என்பதை 10-வது பிரிவு சொல்கிறது: மோசடி செய்து வாங்கியிருந்தால், அரசியல் சட்டத்துக்கு விசுவாசமில்லை என்று நிரூபணமானால், இப்படிச் சில காரணங்கள். மணம் முறிந்தது என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏழாண்டைக் கணக்கிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதம் தொடர்ச்சியாக இங்கே இருக்க வேண்டும். அதற்கு முந்திய 8 ஆண்டில் மொத்தம் 6 ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். கடைசி 12 மாதத்தில் தாய் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தால் கணக்கு உடைந்துவிடும். விசேஷக் காரணம் இருந்தால் 30 நாள் வரை அரசு தளர்த்தலாம்; அதற்கு மேல் இல்லை.

மனு ஏற்கெனவே போட்டாகிவிட்டதா?

அப்படியானாலும் கைவிட்டுப் போகவில்லை. டிக்ரி வரும் வரை இருவரில் யாரும் தம் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்று 1991-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாபஸ் வாங்கக்கூட வேண்டாம். 18 மாதம் அவகாசம் இருக்கிறதே, 6 மாதம் முடிந்த மறுநாளே ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 18 மாதமும் போதாவிட்டால், பிறகு புதிதாக மனுப் போட்டுக்கொள்ளலாம். மனமொத்த தம்பதிகளுக்கு இதில் என்ன கஷ்டம்? அவன் ஒரு வீட்டில், அவள் ஒரு வீட்டில், பிள்ளை இருவரிடமும். பிரிந்து வாழ்வதற்குக் கோர்ட்டு அனுமதி தேவையில்லை. மறுமணத்துக்கு அவசரப்படுகிறவருக்கு மட்டும்தான் டிக்ரி உடனே தேவை. அவர் கொஞ்சம் பொறுத்தால் இன்னொருவரின் வாழ்க்கை நிலைக்கும். இதைப் பேசி முடிவு செய்வதுதான் உண்மையான சுமுகம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிரிந்திருக்கும்போது "சேர்ந்து வாழ்கிறோம்" என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். குடியுரிமைக்காகத் தெரிந்தே பொய் சொன்னால் 17-வது பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். பின்னால் குடியுரிமையும் பறிபோகும். உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சட்டம் கேட்பது மண பந்தம் நிலுவையில் இருக்கிறதா என்பதை. நிலுவையில் இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிரிந்திருக்கிறீர்களா என்று கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விசாவும் ஓ.சி.ஐ. அட்டையும்

குடியுரிமை வரைக்கும் போகாதவர்களின் நிலை என்ன? இந்தியக் குடிமகனின் துணை என்ற முறையில் விசா வாங்கி, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் அதை நீட்டித்துக்கொண்டு இருப்பவர்கள் பலர். அந்த விசாவுக்கு அஸ்திவாரம் திருமணம். அஸ்திவாரம் போனால், இங்கே தொடர்ந்து இருக்க வேறு காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். அன்னியருக்கு உயிரும் சுதந்திரமும் உண்டு, இங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கே உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-இல் ஒரு பெல்ஜியப் பாதிரியார் வழக்கில் சொன்னது. அவர் 1937-இலிருந்து இந்தியாவில் இருந்தவர். அவருக்கே அந்த நிலை!

எனவே கோர்ட்டுக்கு அலையும் நாட்களில் விசா தேதியைத் தவற விடாதீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விசா முடிந்தும் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. அனுமதிக் காலத்துக்கு மேல் தங்கியவரைக் குடியுரிமைச் சட்டம் "சட்டவிரோதக் குடியேறி" என்கிறது. அந்தப் பெயர் விழுந்தால் பதிவு செய்து பெறும் குடியுரிமையும் கிடையாது, நீண்ட காலம் வாழ்ந்து பெறும் குடியுரிமையும் கிடையாது.

ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த அட்டை எந்த வழியில் வந்தது என்று பாருங்கள். திருமணம் பதிவாகி இரண்டாண்டு நிலைத்ததால் துணைவருக்குக் கொடுத்த அட்டை என்றால், 7டி பிரிவின்படி மணம் முறிந்ததும் அதை ரத்து செய்யலாம். ரத்து செய்யும் முன் அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். தாத்தா பாட்டி இந்தியர் என்ற பூர்வீகத்தை வைத்து வாங்கிய அட்டை என்றால், விவாகரத்து அதைத் தொடாது. துணைவர் என்ற வழியில் வாங்கியவர் பூர்வீக வழியிலும் தகுதியுள்ளவரா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஓ.சி.ஐ. அட்டை பெற்று 5 ஆண்டு ஆகி, கடைசி 12 மாதம் இங்கே குடியிருந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னொரு வழியும் 5-வது பிரிவில் உண்டு. அதையும் அட்டை ரத்தாகும் முன் செய்ய வேண்டும்.

திருமணத்தை நம்பாத வழிகள்

மலையகத் தமிழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆனது. அப்படி இலங்கைப் பிரஜையாகி, பிறகு இங்கே மணம் முடித்து விசாவோடு வந்தவருக்கு 5(1)(ஏ) என்ற பிரிவு இருக்கிறது. தாமோ, தம் தாய் தந்தையரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் இந்திய வம்சாவளியினர். ஏழாண்டு குடியிருந்தால் விண்ணப்பிக்கலாம். இங்கே கணவன், மனைவி என்ற பேச்சே இல்லை. அப்பா திருநெல்வேலியிலோ திருச்சியிலோ பிறந்ததற்கு ஆதாரம் தேடி எடுங்கள். பள்ளிச் சான்றோ, பழைய பாஸ்போர்ட்டோ, கிராமத்துப் பதிவோ, அது ஒரு குடும்பத்தையே நிலைநிறுத்தக்கூடும்.

வம்சாவளி இல்லாதவருக்கு 6-வது பிரிவு இருக்கிறது. மொத்தம் 12 ஆண்டு சட்டப்படி குடியிருந்தவர் விண்ணப்பிக்கலாம். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது.

நேபாளத்துத் துணைவருக்கு வசிப்புக் கவலை இல்லை. 1950 ஒப்பந்தத்தின்படி அவர் விசா இல்லாமல் இங்கே வாழலாம், வேலை செய்யலாம். விவாகரத்து அதை மாற்றாது. குடியுரிமை வேண்டுமென்றால் மட்டும் மேலே சொன்ன தேதிக் கணக்கு அவருக்கும் பொருந்தும்.

முகாமிலிருந்து வந்த சகோதரிகளின் நிலைதான் மிகக் கடினம். பாஸ்போர்ட் இல்லாமல் உயிர் தப்பி வந்தவர்களை அரசு சட்டவிரோதக் குடியேறிகள் என்றே நடத்திவந்திருக்கிறது. அதனால் இந்தியனை மணந்து இருபதாண்டு ஆனாலும் 5-வது பிரிவு அவர்களுக்குத் திறப்பதில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை இல்லை என்று 2025-இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. தலைக்கு மேல் தொங்கிய கத்தி விலகியது, குடியுரிமை வரவில்லை. முகாம் பதிவை அவர்கள் எக்காரணம் கொண்டும் அறுத்துக்கொள்ளக்கூடாது.

பிள்ளைகள்

பெற்றோர் பிரிவதால் பிள்ளையின் குடியுரிமை போகாது. பிள்ளை பிறந்த நாளில் என்ன நிலை என்பதுதான் கேள்வி. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அன்று முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன் வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அதற்குப் பின் பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். முகாம் பெண்ணுக்கும் இந்தியத் தகப்பனுக்கும் பிறந்த குழந்தை இந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது. 5(4) பிரிவில் விசேஷ சூழ்நிலையில் எந்தச் சிறுவரையும் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. தகப்பன் முன்நின்று விண்ணப்பிக்க வேண்டும். மனைவியோடு உறவு முடிந்தது என்பதற்காகப் பிள்ளையின் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் தகப்பனைச் சங்கம் சும்மா விடாது.

இரண்டு எச்சரிக்கைகள்

சிலர் பஞ்சாயத்துப் பேசி முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டு "விவாகரத்து ஆகிவிட்டது" என்கிறார்கள். நிரூபிக்கக்கூடிய வழக்கம் உள்ள சமூகங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. மற்றவர்களுக்கு அந்தத் தாள் விவாகரத்து அல்ல. அதை நம்பி மறுமணம் செய்தால் வழக்கு வரும். துணைவர் வழியில் ஓ.சி.ஐ. அட்டை வாங்கியவர் அப்படிச் செய்தால் அட்டையும் போகும்.

அடுத்தது, காத்திருக்கச் சொல்கிறோமே என்று அடி உதை பட்டுக்கொண்டு யாரும் காத்திருக்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் குடியுரிமை பார்க்காது. "விசாவை ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுகிறவனிடம் சுமுகம் பேச ஒன்றுமில்லை. நேராகச் சங்கத்துக்கு வாருங்கள்.

நாம் கேட்பது

அந்த 2005 சட்டத்திலேயே, குடும்ப உறவில் "இருக்கிற, அல்லது இருந்த" பெண் என்றுதான் நாடாளுமன்றம் எழுதியது. உறவு முடிந்த பிறகும் அந்த உறவில் வாழ்ந்த வாழ்க்கைக்கு மதிப்புண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டவர்கள், குடியுரிமைச் சட்டத்தில் ஏன் ஒப்புக்கொள்ளக்கூடாது? 1955-இல் இருந்த சொல்லைத்தான் திருப்பிக் கேட்கிறோம். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று: சட்டப்படி ஏழாண்டு குடியிருந்தவர், மணம் முறிந்திருந்தாலும் துணைவர் வழியில் விண்ணப்பிக்க 5-வது பிரிவைத் திருத்த வேண்டும். இரண்டு: இந்தியக் குழந்தையை வளர்க்கும் அன்னிய நாட்டுத் தாய்க்கும் தகப்பனுக்கும், விவாகரத்துக்குப் பிறகு குழந்தை வளரும் வரை தங்கும் அனுமதியை உரிமையாகத் தர வேண்டும். மூன்று: பதிவு பெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளை இந்தியர்கள் மணந்திருந்தால், அந்தத் துணைவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். இவற்றைக் கையெழுத்து வாங்கி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்புவோம்.

சட்டம் மாறும் வரை நம் கையில் இருப்பது எச்சரிக்கை. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் குடியிருப்பில் இப்படிப்பட்ட தம்பதிகளைத் தேடிப் பார்த்துப் பேசுங்கள். பிரியும் எண்ணம் உள்ளவர்கள், வக்கீலிடம் போகும்போது திருமணச் சான்றோடு பாஸ்போர்ட்டையும், விசாவையும், முதன்முதலில் இந்தியாவில் கால் வைத்த தேதியையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். விவாகரத்து வக்கீலுக்குக் குடியுரிமைச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். கேட்கத் தயக்கமாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகம் திறந்திருக்கும். காகிதங்களோடு வாருங்கள். கையெழுத்துப் போடும் முன் வாருங்கள்.